சேனை வைத்த கை

கிண்ணத்தில் விட்ட விரலைப் பெரியவர் வெளியே எடுக்கவில்லை.

நர்ஸம்மா சாப்பிடப் போயிருந்தாள். பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு எதுவும் கூடாது என்று காலையிலேயே கத்தித் தீர்த்திருந்தாள். அதனால் மாமியார் வார்டு வாசலில் ஒரு கண்ணும் கிண்ணத்தில் ஒரு கண்ணுமாக நின்றாள்.

வெறும் சீனித் தண்ணீர்தான். அதை முதன்முதலாக யார் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைக்கிறார்களோ, அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். சேனை வைப்பது என்பார்கள்.

வேறு பிள்ளையாக இருந்தால் இத்தனை யோசனை இல்லை.

பிள்ளை பெற்றவளுடைய அப்பா வரப்புத் தகராறில் ஒருவனை வெட்டிவிட்டு ஜெயிலிலேயே செத்தார். தம்பி இசக்கிராஜா, டீக்கடையில் தன்னைப் பார்த்துச் சிரித்தான் என்று ஒருவனைக் குத்திவிட்டு உள்ளே இருக்கிறான். "வெத ஒண்ணு போட்டா சொர ஒண்ணா மொளைக்கும்?" என்று ஊரே கேட்டது.

அதனால்தான் அவளுக்கு ஊர்முறையில் பெரியப்பாவான சிவனணைந்தானை ஆட்டோ வைத்து வரவழைத்திருந்தாள் மாமியார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷர்.

"வைங்கண்ணே, நர்சு வந்திரப் போறா."

பெரியவர் கட்டிலில் இருந்தவளைப் பார்த்தார்.

"ஒந்தம்பிக்கும் நாந்தாம் தாயி வச்சேன்."

மாமியார் கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"அவன் உள்ள போன பொறவு நான் எந்தப் பிள்ளைக்கும் வைக்கல. நீங்க கூப்பிட்டதும் மாட்டேம்னு சொல்ல வாய் வரல. எங்கையில என்ன கேடு இருந்துச்சோ... எங்கையாலதான் அவன் கெட்டானோ தாயி?"

அவளுக்குத் தெரியும்.

கோர்ட்டு தம்பியை மனநல டாக்டரிடம் அனுப்பியபோது கூடப் போனவள் அவள். கோபத்தைப் பிடித்து நிறுத்த மூளையில் ஒன்று சுரக்க வேண்டும், உன் தம்பிக்கு அது குறைச்சல் என்றார் டாக்டர். அப்பாவுக்கும் அப்படி இருந்திருக்கலாம். ரத்தவழியாக இறங்கி வரும். வந்தே தீரும் என்றில்லை. வரலாம்.

புருஷனிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

பெரியப்பாவின் கையில் ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாவம், அந்த மனுஷர் நிம்மதியாகக் கண்ணை மூடுவார்.

ஆனால் கையில் இல்லை என்றால் ரத்தத்தில் இருக்கிறது.

அந்த ரத்தம் அவள் மடியில் கிடந்தது. இன்னும் சரியாகக் கண்கூடத் திறக்கவில்லை.

மாமியார் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா பெரியப்பா," என்றாள். "ஒங்க கையாலதான்."

பெரியவர் மெல்லத் தலையை ஆட்டினார். வலது கையை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிள்ளையின் பக்கம் திரும்பாமலே வெளியே போனார்.

"அப்பாடா!" என்றாள் மாமியார். "எங்க அது பிள்ள ரத்தத்துலயே இருக்கோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுல்லா கெடந்தேன். நான் வேற ஆளுக்குச் சொல்லுதேன்."

போனை எடுத்துக்கொண்டு அவளும் போனாள்.

பிள்ளை கொட்டாவி விட்டது.

டாக்டர் அன்றைக்குத் தம்பியிடம் கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. குத்தின பிறகு மனசு உறுத்துச்சா?

தம்பி மேலே ஓடிய ஃபேனைப் பார்த்து யோசித்தான். இல்ல சார் என்றான். குத்தியதைவிட அந்த 'இல்ல'தான் அவளை நடுங்கவைத்தது.

ஜன்னல் வழியே பெரியவர் தெரிந்தார். குழாயடியில் குனிந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டே இருந்தார்.

அவள் அதைப் பார்த்தாள். உறுத்துகிறதா என்று தன் மனசைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

நன்றாகப் பசித்தது.