வாய் தவறி வந்தது

செல்வராணி காலையில் கணவரிடம் "போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

"போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் வாசலைத் தாண்டும்போது சொல்வது அதுதான். நாக்குக்கே தெரிந்த விஷயம். இன்றைக்கென்று பார்த்து அந்தப் பாழாய்ப்போன நாக்கு பாதியை விழுங்கிவிட்டது.

குணாளன் ஹோட்டல் அறையில் கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார். "ம்" என்றார்.

கேட்டுவிட்டு "ம்" என்றாரா, கேட்காமலே "ம்" என்றாரா?

பஸ் ஜொகூர் பாருவின் கடலோரச் சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தது. இடது பக்கம் கடல். அதற்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர், கைக்கு எட்டுகிற மாதிரி. எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தார்கள். செல்வராணி ஃபோனைப் பார்த்தாள்.

பல் மருத்துவர்கள் மாநாட்டுக்கு உடன் வந்த மனைவிமாருக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பஸ் அது. மருத்துவர்கள் ஹோட்டலில் உட்கார்ந்து பல்லைப் பற்றிப் பேசுவார்கள். உடன் வந்தவர்கள் ஊரெல்லாம் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். கூச்சிங், லங்காவி, கோத்தா கினபாலு என்று வருஷத்துக்கு ஓர் ஊர். ஒவ்வோர் ஊரிலும் கழுத்தில் ஓர் அட்டை, அதில் "டாக்டர் குணாளனுடன் வந்தவர்".

கண்ணாடிக் கோயிலில் எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தபோதும் அவள் குனிந்தேதான் நின்றாள். அவர் ஒரு செய்தியும் அனுப்பவில்லை. இந்நேரம் மாநாட்டில் பேச மேடை ஏறியிருப்பார்.

வழிகாட்டிப் பெண் பிரேமலா பக்கத்தில் வந்தாள். "என்னக்கா, பசியாறினது ஒத்துக்கலையா?"

மனசு கேட்காமல் செல்வராணி சொல்லிவிட்டாள். காலையில் வாய் தவறி வந்ததை மட்டும்.

பிரேமலா சிரித்தாள். "அலமாக், இவ்வளவுதானா? கால் பண்ணி 'வரேன்'னு ஒரு வார்த்தை சொல்லிருங்க லா, சரியாப் போயிரும். ஆம்பளைங்க இதெல்லாம் எங்கக்கா கவனிக்கிறாங்க?"

அதுதானே. எங்கே கவனிக்கிறார்கள்.

அந்த ஆறுதல் பஸ் ஸ்கூடாய் ஊரைத் தாண்டும்வரை தாங்கியது. பிறகு மறுபடி அரிக்கத் தொடங்கிவிட்டது. இருக்கையில் இந்தப் பக்கம் நகர்ந்தாள், அந்தப் பக்கம் நகர்ந்தாள். ஃபோனைப் பையில் போட்டாள், உடனே வெளியே எடுத்தாள். கூப்பிட்டு "வரேன்" என்று சொல்ல மட்டும் கை வரவில்லை.

குணாளன் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, வீட்டுக்கு ஒரு குறை வைத்ததில்லை. காதில்தான் எதுவும் ஏறாது. அவர் முன்னால் வாயைத் திறப்பவர்கள் யாரும் பேச முடியாது, தொழில் அப்படி, வீட்டிலும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அவளே அவருக்காக எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறாள்.

தமிழ்ப்பள்ளி வேலைக்குத் திரும்பப் போகட்டுமா என்று கேட்டாள். "ம்" என்று பேப்பரைப் புரட்டினார்.

அம்மா சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஈப்போ வீட்டிலிருந்து ஒரு நடை கூட்டிக்கொண்டு போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் "ம்". கடைசியில் காரியத்துக்குத்தான் போனார்கள்.

பாவம், அவர் காதில் விழவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். காதில் விழாததற்கு ஒரு மனுஷனை எப்படிக் கோபித்துக்கொள்வது? அந்தச் சமாதானத்தை வைத்துத்தான் இத்தனை வருஷக் குடித்தனம் நடந்தது.

பஸ் பெக்கான் நானாஸில் நின்றது.

அது செல்வராணி பிறந்து வளர்ந்த ஊர். மற்றவர்கள் அன்னாசிக் காட்சிக்கூடத்தின் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் தங்கை கஸ்தூரி காரை நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

செல்வராணி இந்தப் பஸ்ஸில் திரும்பப் போவதாக இல்லை. ஈப்போ வீட்டுக்கும் இனிப் போவதாக இல்லை. கஸ்தூரியைத் தவிர யாருக்கும் தெரியாது. தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று பிரேமலாவிடம் ஒரு வார்த்தை சொல்லியாயிற்று, நடக்க வேண்டியதுதான் பாக்கி. காலையில் வாய் தவறி வந்ததுதான் உண்மை.

கால் எழவில்லை. அவர் அதைக் கவனித்திருப்பாரோ என்று வழியெல்லாம் பயந்தவளுக்கு, கவனித்திருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் ஆசையாகவும் இருந்தது. ஒரே ஒரு தடவை அவருக்குக் காதில் கேட்டிருந்தால் போதும், இருந்துவிடலாம்.

ஃபோன் அடித்தது. குணாளன்.

"ராணி, காலையில 'போறேன்'னு சொன்ன. எப்பவும் 'போயிட்டு வரேன்'னுதானே சொல்லுவ? மேடையில நிக்கிறப்பகூட அதுதான் ஓடிக்கிட்டே இருந்துச்சு. என்னம்மா ஆச்சு?"

கேட்டிருக்கிறது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பஸ் பக்கம் திரும்பி ரெண்டு எட்டுகூட வைத்துவிட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. டை கட்டும் அவசரம், மண்டை நிறைய மேடைப் பேச்சு. அத்தனைக்கும் நடுவே, சொன்னதில் பாதி குறைந்தது அவருக்குக் கேட்டிருக்கிறது. அப்படியென்றால் அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

அம்மாவைப் பற்றிச் சொன்னதும் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும்.

"நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு, செல்வராணி சாலையைக் கடந்தாள்.