இரண்டு கிலோ மணல்

பையைத் திறந்த காவலாளி, மேலே மடித்து வைத்திருந்த காகிதத்தை ஒதுக்கிவிட்டு அடியில் கையை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது.

ஒரு பிளாஸ்டிக் டப்பா. அது நிறைய மணல்.

"ஏம்மா, எவ்வளவு பெரிய பலகை வெச்சிருக்கோம்! கண்ணு தெரியலையா, இல்ல படிக்கத் தெரியலையா?"

"ரெண்டும் தெரியும்ணே," என்றாள் அவள்.

அந்தத் தீவின் கடற்கரை மணல் அரைத்த உப்பைப் போல வெள்ளை. அதைப் பார்க்கவே தினமும் படகு படகாக ஆட்கள் வந்தார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு பிடி அள்ளவும் பார்த்தார்கள். அதனால்தான் பலகையும் அபராதமும். காலுறைக்குள், பால் புட்டிக்குள், ஒரு முறை புது மாப்பிள்ளையின் தொப்பிக்குள் என்று பதினான்கு வருடங்களில் அவர் பிடிக்காத மணல் இல்லை. ஆனால் டப்பா நிறைய, அதுவும் மூடி போட்டு, இதுவரை யாரும் எடுத்ததில்லை.

"அந்த வாளியில கொட்டு."

"மாட்டேன்."

அவர் அபராதப் புத்தகத்தை எடுத்தார். வரிசையில் பின்னால் நின்ற குடைக்காரர், "மண்ணுக்குப் போய் மல்லுக்கட்டுறாங்க பாரு," என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. கால் மட்டும் நகரவில்லை.

"அண்ணே, நான் இன்னும் உள்ளேயே போகல. ஒன்பது மணிப் படகுல இப்பத்தான் வந்து இறங்கினேன்."

பேனா நின்றது.

போகவும் வரவும் அங்கே ஒரே வாசல்தான். பையில் மணல் இருந்தால் ஆள் வெளியே போகிறார் என்றே அவர் கை பழகியிருந்தது. குனிந்து அவள் செருப்பைப் பார்த்தார். ஒரு மணல்கூட ஒட்டியிருக்கவில்லை.

"அப்ப இது எந்த ஊரு மணல்?"

"இந்த ஊரு மணல்தான்."

சொன்னாள். அக்கரையில் இருக்கும் சலவை நிலையத்தில் வேலை. இந்தக் கடற்கரை ஓட்டலின் துண்டுகள் மூட்டை மூட்டையாகப் படகில் அங்கேதான் வரும். இயந்திரத்தில் போடும் முன் ஒவ்வொரு துண்டையும் மூன்று தடவை உதற வேண்டும். உதறுகிறவள் அவள்தான், பதினோரு வருடங்களாக. விழுகிற மணலைக் கூட்டிச் சாக்கடையில் தள்ளிவிடுவார்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற அவளால் ஆகாது. ஆனது, மாதம் ஒரு கரண்டி.

"ஆண்டவன் ஒரு இடம் பார்த்துப் போட்டு வெச்சதுண்ணே. சாக்கடையில கிடக்கணும்னா அவரே அங்க போட்டிருப்பாரே."

காவலாளிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "வெளியிலேர்ந்து கொண்டு வந்து கொட்டவும் கூடாதும்மா. அதுவும் சட்டம்."

"அப்ப அபராதம் எழுதுங்க, கட்டிட்டே கொட்டுறேன். ஆனா கொட்டினேன்னு எழுதுங்க, எடுத்தேன்னு எழுதாதீங்க. செய்யாததைச் செஞ்சேன்னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் குடைக்காரர் குடையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

காவலாளி புத்தகத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் வாசலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். டப்பாவைத் தானே தூக்கிக்கொண்டார்.

"ரெண்டு கிலோ இருக்கும் போல. வாம்மா."

தண்ணீர் ஓரத்தில் அவள் செருப்பைக் கழற்றினாள். பதினோரு வருடங்கள் விரலுக்குத் தெரிந்த மணல், அன்றுதான் பாதத்துக்குத் தெரிந்தது. கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டு மூடியைத் திறந்தாள். சோப்பு வாசனை வந்தது. கவிழ்த்தாள். முதல் அலை தொட்டுப் பார்த்தது, இரண்டாவது அலை இழுத்துப் பரப்பியது. மூன்றாவதுக்குப் பிறகு எது இங்கேயே இருந்தது, எது ஊர் சுற்றி வந்தது என்று சொல்ல முடியவில்லை.

முழங்கால் வரை நனைந்து கரையேறினாள். யாரோ நாற்காலியில் விட்டுப் போயிருந்த ஓட்டல் துண்டை எடுத்துக் காவலாளி நீட்டினார்.

துடைத்துக்கொண்டவளின் விரல் தானாக மூலைக்குப் போனது. நீல நூலில் ஒரு தையல். வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரு நாளில் அவள் போட்டது. அதை ஒரு தடவை தடவினாள்.

பிறகு காற்றுக்கு முதுகு காட்டி நின்று, துண்டின் இரண்டு முனைகளையும் பிடித்து உதறினாள். ஒன்று. இரண்டு. மூன்று. பட்டாசு வெடித்த மாதிரி சத்தம் கேட்டு, தள்ளிப் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். மணல் எல்லாம் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

"அப்பாடி! துண்டோட தையலே உதிர்ந்திடும் போலிருக்கே!" என்றார் காவலாளி. "உன்னை மாதிரி ஆளு கிடைக்க உங்க முதலாளி குடுத்து வெச்சிருக்கணும்மா."

அவள் துண்டை நாலாக மடித்து நாற்காலியில் வைத்தாள். பையிலிருந்த காகிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

சலவை நிலையத்தின் கடிதம். முந்தின நாள் தேதி. துண்டுகளைச் சரியாக உதறாததால் மணல் புகுந்து இயந்திரம் பழுதாகிவிட்டது என்றும், அந்தத் தவற்றை ஒப்புக்கொண்டு அவளே வேலையிலிருந்து விலகுகிறாள் என்றும் அச்சிட்டிருந்தது.

கீழே, அவள் கையெழுத்துக்காகப் போட்டிருந்த கோட்டின் மேல் ஒன்றும் இல்லை.