எதிர் நாற்காலி

பெரியவன் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் வாசித்தான். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

போன வாரம் வரை எழுத்துக்கூட்டச் சொன்னால் முழி பிதுங்கியவன் இவன்.

எனக்கு வேலையே சந்தேகப்படுவதுதான். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் எடுக்காதவனை ஏறியதுமே கண்டுபிடித்துவிடுவேன். பிறந்ததிலிருந்து தெருவையே பார்க்காதவன் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்.

பெரியவன் புத்தகத்தை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாளைக்கு டீச்சர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு வாசிக்க வைக்கப்போகிறார். வாசித்தால் இரண்டாம் வகுப்பு. இல்லாவிட்டால் ஒன்றாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம். அதே ஒன்றாம் வகுப்பில்தான் சின்னவளும் சேரப்போகிறாள். தங்கச்சி பக்கத்தில் உட்காரவே மாட்டேன் என்று அவன் அழுத அழுகையைச் சமாதானப்படுத்தியவள் நான்.

இங்கே என்னை ஏமாற்றிவிடலாம். நாளைக்கு அங்கே மாட்டிக்கொள்வானே.

படத்தை உள்ளங்கையால் மறைத்தேன். வாசித்தான்.

மனப்பாடமாக இருக்கும். நூலகத்திலிருந்து அன்றைக்குத்தான் எடுத்துவந்து, யார் கண்ணிலும் படாமல் வேலைப் பைக்குள் வைத்திருந்த புத்தகத்தை எடுத்து அவன் முன்னால் விரித்தேன்.

நத்தை குடை தேடிப் போனது என்று வாசித்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் கொஞ்சம் நின்றான், அவ்வளவுதான்.

சமையலறையில் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை கண் கலங்கினால் தாங்காத மனிதர். அங்கிருந்தே எட்டிப் பார்த்து எடுத்துக்கொடுக்கக்கூடியவர்தான். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

"வீட்லயும் செக்கிங்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

கதவைச் சாத்திய பிறகும் பெரியவன் வாசித்தான்.

மிச்சம் இருந்தது சின்னவள். மேசைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேர் எதிரே, தாளில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வாய்க்குள் எப்போதும் ஒரு பாட்டு ஓடும். பஸ் இரைச்சலில் பாதி அடைத்துப்போன என் காதுக்கு அது வண்டு ரீங்காரம்தான்.

"கொஞ்சம் வாய மூடிட்டு வரைடி."

பாட்டு நின்றது. பெரியவனும் நின்றான்.

அகப்பட்டாள் கள்ளி! புத்தகத்தைச் சட்டென்று அவள் பக்கம் திருப்பி, அவளுக்கு நேராக வைத்து, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தேன்.

பார்த்தாள். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். ஒரு எழுத்துகூட வரவில்லை.

பொய் சொல்லும் முகம் எனக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை.

எனக்கே வெட்கமாகிவிட்டது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளை. உனக்கு இன்னும் வயசாகவில்லை என்று சொல்லி, தினமும் சாயங்காலம் ஒரு தாளைக் கொடுத்து அவளை எதிரே உட்காரவைப்பதே நான்தான். மடியில் உட்கார்ந்து வரும் குழந்தையிடம் யாராவது டிக்கெட் கேட்பார்களா?

புத்தகம் மறுபடி பெரியவன் பக்கம் திரும்பியது. பாட்டு மெல்லத் தொடங்கியது. அவனும் தடையில்லாமல் அந்தப் பக்கத்தை முடித்தான்.

அரண்டவள் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பிள்ளைக்கு வாசிப்பு பிடிபட்டுவிட்டது, அதை நம்பத்தான் எனக்குத் தெரியவில்லை. மனசு லேசாகிவிட்டது. அவன் தலையைக் கோதி, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னேன்.

அவன் போனதும் அடுத்த பக்கத்தைப் புரட்டி வைத்தேன்.

சின்னவள் கிறுக்குவதை நிறுத்தவில்லை. கண்ணை மட்டும் தூக்கிப் புத்தகத்தைப் பார்த்தாள். அண்ணன் குரல் குறுக்கே இல்லாததால் அவள் பாட்டு இப்போது என் காதில் சொல் சொல்லாக விழுந்தது.

"தவளை... தன் குடையை... நத்தைக்கு..."

குனிந்து பார்த்தேன். அச்சில் இருந்ததும் அதுவேதான்.

புத்தகத்தை மறுபடி அவள் பக்கம் நேராகத் திருப்பினேன். அவள் பாட்டு நின்றுவிட்டது.

"இப்படி இல்லம்மா" என்று அலுத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பெரியவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, விரலை நகர்த்தி நகர்த்தி நான் சொல்லிக்கொடுத்த அத்தனை சாயங்காலமும் அவள் எதிரேதான் இருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்ததோ, அவளுக்கு எழுத்து அதுதான்.

எழுந்துபோய் அவளை அள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பாதியில் நின்றுவிட்டேன்.

சமையலறை வாசலில் பெரியவன் தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குத் தங்கச்சியும் ஸ்கூலுக்கு வரட்டும்மா. எனக்கு எதிர்ல உக்காந்துக்குவா."

புத்தகத்தைக் கையில் எடுத்தேன். எந்தப் பிள்ளை பக்கம் திருப்புவது என்று தெரியாமல் அதைப் பிடித்தபடியே நின்றேன்.