வியாழக்கிழமைக்காரன்

"யாருப்பா தவறிட்டாங்க?" என்று கேட்டார் வாசல் காவலாளி, யாவின் மொட்டைத் தலையைப் பார்த்து.

"மாமா," என்றான் யாவ். மாமா இந்த நேரம் சுவாமே பட்டறைத் தெருவில் பழைய டயர் விற்றுக்கொண்டு கல்லுக்குண்டாக உட்கார்ந்திருப்பார். காலையிலிருந்து மூன்று பேரிடம் அவரைக் கொன்றாயிற்று. நாலாவது ஆளிடம் சொல்ல நாக்குக் கூசவில்லை.

காவலாளி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி உள்ளே விட்டார்.

வராந்தா பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு இருபத்தொன்று இருக்கும். அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என் பேரு அகோசுவா. ஞாயித்துக்கிழமை பொறந்தா இந்தப் பேருதானே? சர்ச்சுக்குப் போகவிடாம பொறந்து தொலைச்சேன்னு அம்மா இன்னும் திட்டுவாங்க. உங்க பேரு என்னண்ணா?"

"யாவ்."

"ஓ, வியாழக்கிழமைக்காரரா! எங்க தெருவுல பாதிப் பேரு யாவ்தான். ஒரு தடவை கூப்பிட்டா ஆறு பேரு திரும்புவாங்க."

"அண்ணான்னு கூப்பிடாதே. எனக்கு இருபத்தஞ்சுதான்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சரிங்கண்ணா," என்றாள்.

எல்லாரும் நேர்காணலுக்குக் காத்திருந்தது சுரங்கத்தில் ராட்சச லாரி ஓட்டும் வேலைக்கு. முன் அனுபவம் வேண்டாம், ஆறு மாதம் சம்பளமும் கொடுத்து அவர்களே கற்றுத் தருகிறார்கள். குமாசியிலிருந்து சுரங்கம் இருக்கும் டார்க்வாவுக்குப் பெண்டாட்டி பிள்ளை, சட்டிபானையோடு குடிபோக வண்டி, போய் இறங்கினால் வீடு, எல்லாம் கம்பெனி செலவு. ஒரே ஒரு நிபந்தனை, வயது இருபத்தாறைத் தாண்டக்கூடாது.

பன்னிரண்டு வருடமாக யாவ் போன இடத்தில் எல்லாம் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அனுபவமே கேட்காத ஓர் இடம் கடைசியில் வந்தபோது வயது ஓடிப்போயிருந்தது, காதோரம் நரை எட்டிப் பார்த்தது. குடும்பம் மச்சான் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துக் கிடக்கிறது. 'மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்கங்க' என்று மச்சான் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. பயப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் யாவுக்கு இப்போதெல்லாம் பயமும் வருவதில்லை, ஆசையும் வருவதில்லை. கூப்பிட்டார்கள், எழுந்து போனான்.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு பெரியவர். தலைமுடி கருகருவென்று, புருவம் மட்டும் பஞ்சு மாதிரி வெளுத்திருந்தது. மேசைமேல் பெயர்ப்பலகை: குவாபெனா சார்ஃபோ.

"உக்காரு தம்பி. மாமா போயிட்டாராமே, காவல்காரர் சொன்னாரு. கஷ்டம்தான்." அவனுடைய பிறந்த தேதிக்கான பிரமாணப் பத்திரத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில அடிச்சதா? அந்த டைப்ரைட்டர் இன்னுமா உசுரோட இருக்கு?"

"இருக்குங்க ஐயா."

"ஏப்ரல் பதினொண்ணு, ரெண்டாயிரம்." கைப்பேசியில் நாட்காட்டியைத் தள்ளித் தள்ளிப் போனவர் ஓரிடத்தில் நின்றார். "அட, செவ்வாய்க்கிழமை. நம்ம கிழமை! செவ்வாய்க்கிழமை பொறந்ததாலதான் எனக்குக் குவாபெனான்னு பேரு வெச்சாங்க. உனக்கு மட்டும் எப்படித் தம்பி யாவ்னு வெச்சாங்க?"

யாவ் பத்திரத்தைப் பார்த்தான். தேதியையும் மாதத்தையும் அப்படியே விட்டுவிட்டு, வருடத்தை மட்டும் ஒன்பது தள்ளி வைத்திருந்தான். பெற்ற தாய் வைத்த பெயரே காட்டிக்கொடுக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"நெஜ வருஷம் எது?"

"தொண்ணூத்தொண்ணு."

"மொட்டை?"

"நரைங்க ஐயா."

"அப்ப மாமா?"

"நல்லாத்தான் இருக்காரு."

வெட்கத்தில் செத்துப்போக வேண்டிய இடம். அவனுக்கு என்னவோ, வரும்போது தக்காளியும் வாழைக்காயும் வாங்கிவரப் பெண்டாட்டி சொன்னாளே என்பதுதான் ஞாபகம் வந்தது. எழுந்தான். பத்திரத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான்.

பெரியவர் கொடுக்கவில்லை. அதை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். மறுபடி நாட்காட்டியைப் பார்த்தார்.

"அந்த மாசம் பதிமூணாந்தேதிதான் வியாழக்கிழமை. நாலு மணிக்குள்ள புதுசா ஒண்ணு அடிச்சு எடுத்துக்கிட்டு வா. டைப் அடிக்கிறவரு சாப்பிடப் போயிட்டா மூணு வரைக்கும் வரமாட்டாரு, இப்பவே ஓடு."

யாவ் ஓடவில்லை. காதில் விழுந்தது உண்மைதானா என்று நின்ற இடத்திலேயே நின்றான். "ஐயா... பின்னாடி யாராவது கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?"

பெரியவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கறுத்த தலைமுடியைத் தடவிக்கொண்டார்.

"முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஆபீஸ் பதிவுல நான் ஞாயித்துக்கிழமை பொறந்தவன்டா!"