கரி போன த்ராட்டில்

ஒரு பழைய காரில், எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடுகிற த்ராட்டிலைக் கழற்றி, அதில் படிந்திருந்த கரியை மெக்கானிக் சுத்தமாகக் கழுவினார். திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்ததும், நின்ற இடத்திலேயே எஞ்சின் காட்டுக்கத்தல் கத்தியது.

"குளிச்சுட்டு வந்ததிலேர்ந்து உனக்குத் திமிர் ஏறிப்போச்சு," என்றது எஞ்சின். "இவ்வளவு காத்தை எதுக்கு உள்ள விடுற?"

"நானா விடுறேன்? கம்ப்யூட்டர் சொல்ற அளவுக்குத்தான் திறக்கிறேன். அதைப் போய்க் கேளு."

எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற, காரின் கம்ப்யூட்டர் சிடுசிடுத்தது. "கரி அடைச்சுக் கிடக்கிறவன்னு வருஷக்கணக்கா உன்னைக் கொஞ்சம் கூடுதலாத்தான் திறக்கச் சொல்றேன். இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"இன்னைக்குக் கரி இல்லை. ஒரு தடவை என்னைப் பாரு, அப்புறம் சொல்லு."

"பாக்க வேற வேணுமா? உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

மெக்கானிக் எஞ்சினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போனார். கரன்ட் இல்லாமல் கம்ப்யூட்டருக்குப் பழசெல்லாம் மறந்துபோனது. அவர் வந்து வயரை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் அது த்ராட்டிலைப் புதிதாகப் பார்த்து, அளவாகத் திறக்கச் சொன்னது. இந்த முறை எஞ்சின் கத்தாமல் ஓடியது.

"இப்பத்தான் ஒழுங்கா இருக்க," என்றது எஞ்சின், த்ராட்டிலிடம். "நாலு திட்டு வாங்கினாத்தான் உனக்கெல்லாம் புத்தி வருது."