முந்நூறு லக்ஸ்

"மேடம், லைட் மீட்டர்ல நூத்தி இருபதுதான் காட்டுது!"

எலெக்ட்ரீஷியன் டிக்சன் சொன்னதும் சரண்யாதேவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நல்லாப் பாருங்க டிக்சன். போன வாரம் இதே மேஜையில, இதே நேரத்துல முந்நூத்தி நாப்பது இருந்துச்சு."

"மூணு தடவ பாத்துட்டேன். பேட்டரியும் புதுசுதான்."

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் அறுபது வருடமாக நிற்கும் கான்கிரீட் கட்டடம் அது. பழைய கப்பல் கம்பெனி ஆபீஸை நூலகமாக்கும் வேலையில் வெளிச்சத்துக்குப் பொறுப்பு சரண்யா. பகலில் ஒரு விளக்குகூடப் போடாமல், பின்சுவர் ஜன்னல்கள் வழியாகவே மேஜைக்கு முந்நூறு லக்ஸ் வெளிச்சம் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அளந்து பார்க்கப் பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார். தவறினால் நிதி நின்றுவிடும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று கமிட்டியில் பாதிப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

மணி பத்தரை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே மட்டும் அடைமழை நாள்போல மங்கிக் கிடந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"கண்ணாடிய மாத்துனீங்களா?"

"தொடச்சேன், அவ்வளவுதான்."

"சீலிங்குக்கு வேற பெயிண்ட் அடிச்சீங்களா?"

"மாதா சத்தியமா இல்ல மேடம்!"

"அப்ப வெளிச்சம் எங்க போச்சு? எவன் செஞ்ச வேலையா இருந்தாலும் சரி, இன்னைக்கே அவன வெளிய அனுப்பிருவேன்!"

டிக்சனுக்கு முகம் செத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஜெபசிங் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"மேடம், இங்கன வந்து பாருங்க. பின்னால எப்படித் தொடச்சுவிட்ட மாதிரி இருக்குன்னு!"

இருவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். வெளியே கரி படிந்த கருப்பு மண்தரை மட்டும்தான் இருந்தது.

"அண்ணாச்சி, இங்கன ரெண்டு ஆள் ஒசரத்துக்கு உப்பு அம்பாரம் கிடந்துச்சே?" என்றான் டிக்சன்.

"நேத்துச் சாயந்திரமே லாரி லாரியா அள்ளியாச்சுலா. உப்புக் கம்பெனி நயினார் கால்ல விழாத கொறதான்."

டிக்சன் தலையில் கை வைத்தான். "போச்சு! அந்த உப்புல பட்ட வெயிலுதான் இத்தன நாளும் உள்ள அடிச்சிருக்கு."

சரண்யா போட்ட கணக்கெல்லாம் அந்த உப்பின் தயவு!

டிக்சனுக்கோ போன உயிர் திரும்பி வந்தது. "அள்ளச் சொன்னது யாரு அண்ணாச்சி? பேரச் சொல்லுங்க. மேடம் இன்னைக்கே வெளிய அனுப்பிருவாங்க!"

ஜெபசிங் ஒன்றும் புரியாமல் சரண்யாவைப் பார்த்தார். பிறகு தன் போனை டிக்சனிடம் நீட்டினார்.

'அதிகாரி வருவதற்குள் பின்னாலிருக்கும் உப்பு மேட்டை எடுத்துவிடவும். கட்டடத்தின் அழகையே கெடுக்கிறது. இப்படிக்கு, சரண்யாதேவி.'