ஆறினால் போதும்

ஆஸ்திரேலியாவின் மில்டியூராவில் காலையிலேயே அனல். கரன்ட் வேறு போய்விட்டது. கிளைவ் வீட்டின் பின்வாசலில் கார் பேட்டரியில் பம்பை மாட்டி, காய்ச்சிய பீரைத் தகடுகளுக்கு நடுவே ஓடவிட்டு ஆறவைக்கும் பெட்டியோடு குழாய்களைச் சேர்த்தான்.

"எவ்வளவு இருக்கும்மா?"

"முப்பத்திரண்டு டிகிரிப்பா! குறையவே இல்ல!" மகள் டெஸ் உள்ளிருந்து அழுதாள்.

பக்கத்து வீட்டு நெவில் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான். "ஊரே வேகுது, உனக்குப் பீர் காய்ச்சுற போட்டிக்குப் பீர் ஆறணுமா? பைத்தியக்காரா!"

"செத்துடும்டா நெவில்! வாயடிக்காம வந்து குழாயைப் பிடி!"

முணுமுணுத்தபடி உள்ளே வந்த நெவில் குழாயைப் பிடித்துக் குனிந்து பார்த்தான். பெட்டியின் ஒரு பக்கம் டெஸ்ஸின் மீன்தொட்டித் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபக்கம், போட்டிக்கென்று குளிரவைத்திருந்த பீர் மொத்தமும் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பீர் தீரப்போகுதுடா," என்றான் கிளைவ்.

நெவில் வாசலுக்கு ஓடினான். "இரு, போட்டிக்கு நான் வச்சிருக்குற பீரையும் கொண்டாரேன்!"